சின்ன கேஸ், சென்னை வெயில்: 18 லிட்டர் சொச்சத்துல ஒரு கேமிங் பிசி

சின்ன கேஸ்ல (பார்ட் எல்லாம் உக்காரற பெட்டி) கேமிங் பிசி கட்டணும்னு வர்றவங்க முதல்ல கேக்கறது "எத்தன லிட்டர் கேஸ் எடுக்கட்டும்?"னு தான், லிட்டர்ங்கறது கேஸோட கொள்ளளவு. கட்டி முடிச்சு ஒரு கோடைய முழுசா தாண்டி ஓட்டினதுக்கு அப்புறம் எனக்கு தோணறது வேற. மே மாசம் ராத்திரி உங்க ரூம் எத்தன டிகிரில இருக்கும், அந்த ரூம்ல நீங்க எத்தன வாட் எரிக்கப் போறீங்க, இந்த ரெண்டுக்கும் கைல பதில் இருந்தா லிட்டர் தானா முடிவாகிடும். லிட்டர்ல ஆரம்பிச்சா அழகா ஒரு கேஸ் வந்து சேரும், ஆனா ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் அதுல விளையாட மனசு வராது.

எங்க வீடு வேளச்சேரில, மொட்ட மாடிக்கு நேர் கீழ இருக்கற ப்ளாட். பகல் பூரா தளம் குடிச்ச வெயில் ராத்திரி தான் கீழ இறங்கும். ஏசி பெட்ரூம்ல மட்டும், பிசி இருக்கறது ஹால்ல. கத்திரி வெயில் சமயத்துல சீலிங் பேன் ஓடும்போதே ராத்திரி பத்து மணிக்கு ஹால்ல 34 டிகிரி காட்டும். வெளிநாட்டு ரிவ்யூல பெரும்பாலும் 21, 22 டிகிரி ரூம்ல வச்சு தான் டெஸ்ட் பண்றாங்க. அங்க ஒரு கிராபிக்ஸ் கார்டு (இனிமே சுருக்கமா கார்டு) 68 டிகிரின்னு போட்டிருந்தா, அதே பேன் ஸ்பீடுல நம்ம ஹால்ல அது கிட்டத்தட்ட 80, ஏன்னா கூலர் செய்யற வேலை சூட்ட ரூம் காத்துக்கு தள்ளறது மட்டும் தான், ரூம் 12 டிகிரி ஏறினா உள்ள இருக்கறதும் அதே 12 ஏறும். பெரிய கேஸ்ல இந்த 12 டிகிரிய தாங்க இடம் இருக்கு, சின்ன கேஸ்ல அந்த இடத்த நாமளே முன்னாடி யோசிச்சு ஒதுக்கி வைக்கணும்.

சின்னதா ஏன்னு கேட்டா ரெண்டு காரணம். ஹால்ல இருக்கற டேபிள் அம்மாவோட தையல் மெஷினும் என் மானிட்டரும் பங்கு போட்டுக்கற டேபிள், அதுல 50 லிட்டர் டவர் வைக்க வழியே இல்ல, கீழ வச்சா பெருக்கும்போது அள்ளுற தூசி பூரா உள்ள தான் போகும். ரெண்டாவது, வருஷத்துல கொஞ்ச காலம் திருநெல்வேலில இருந்து வேலை பாப்பேன், அப்ப பிசியும் கூட வரணும்.

அப்படின்னா கேமிங் லேப்டாப் வாங்கிட்டு போக வேண்டியது தானேன்னு நிறைய பேர் சொன்னாங்க. நானும் பாத்தேன். ஆனா பேரு ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணுன்னு நினைக்கக் கூடாது. டெஸ்க்டாப்ல போடற என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுல 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப் 4070ல 8 ஜிபி, சிப்பே வேற, சின்ன சிப். நான் பாத்தப்ப விலைல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல லேப்டாப்ல கார்டு போயிடுச்சுன்னா போர்டோட போச்சு, இதுல ரெண்டு ஸ்க்ரூவ கழட்டி கார்ட சர்வீஸ் சென்டருக்கு கொடுத்துட்டு அது வர்ற வரைக்கும் ப்ராசசர்லயே இருக்கற கிராபிக்ஸ்ல வேலைய ஓட்டலாம். ஏஎம்டி ரைசன் 7000 ப்ராசசர் சீரிஸ்ல பேர் கடைசில எஃப் எழுத்து போடாத மாடல்ல அந்த சின்ன கிராபிக்ஸ் இருக்கு, சின்ன பில்டுக்கு அது பெரிய உபயோகம், பத்து செகண்ட்ல டிஸ்ப்ளே வருதான்னு பாத்து பிரச்சன கார்டுலயா வேற எங்கயாவதான்னு முடிவு பண்ணிடலாம்.

லிட்டர் கணக்கு தெரியாதவங்களுக்கு: நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுங்க, அவ்வளவு தான். 20 லிட்டருக்கு கீழன்னா சின்ன கேஸ்னு பொதுவா சொல்வாங்க. இதுக்கெல்லாம் அஸ்திவாரம் மினி ஐடிஎக்ஸ்ங்கற 17க்கு 17 சென்டிமீட்டர் மதர்போர்டு, தைவான் கம்பெனி வியா 2001ல கொண்டு வந்த அளவு. அப்ப அது கம்மி பவர்ல ஓடற சின்ன மெஷினுக்கு தான். அதுல பெரிய கார்ட சொருகி விளையாடலாம்னு காட்டினது பின்னாடி வந்த ஆர்வலர்கள், என்கேஸ் எம்1, டான் ஏ4 மாதிரி கேஸ் எல்லாம் பெரிய கம்பெனி யோசிச்சு வந்தது இல்ல, தனி ஆளுங்க வீட்ல உக்காந்து வரைஞ்சு, வாங்கறவங்க கிட்டயே முன்பணம் திரட்டி கொண்டு வந்தது. டான் ஏ4 வெறும் 7 லிட்டர் சொச்சம், அத நேர்ல பாத்தா இதுக்குள்ள எப்படிடா 30 சென்டிமீட்டர் கார்டு போகும்னு வாய் பொளக்கத் தோணும். அந்த மனுஷங்க மேல எனக்கு பெரிய மரியாதை. ஆனா அந்த அளவு கேஸ் ஜெர்மனி குளிருக்கு சரி, எங்க ஹாலுக்கு சரியில்ல.

நான் எடுத்தது கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. 2020ல வந்த கேஸ், 18.25 லிட்டர். சின்ன கேஸ் கூட்டத்துல இது குண்டு புள்ள தான், ஆனா மேல ரெண்டு 120 மிமீ பேன், கீழ ரெண்டு 120, பின்னாடி ஒரு 92 போடலாம், பக்கவாட்டுல சல்லடை மாதிரி ஓட்ட போட்ட பேனல் இருக்கு, கார்டு 33 சென்டிமீட்டர் வரைக்கும், சிபியு கூலர் 155 மிமீ உயரம் வரைக்கும் போகும். பத்து லிட்டர் கேஸ்ல கூலருக்கு பல சமயம் 50, 70 மிமீ தான் கிடைக்கும், அங்க தட்டையா ஒரு கூலர வச்சுட்டு அது கத்தறத கேட்டுக்கிட்டே இருக்கணும். எட்டு லிட்டர் கூட கொடுத்தா நாலு பேனும் ஒரு முழு டவர் கூலரும் கிடைக்குதுன்னா, நம்ம ஊர் வெயிலுக்கு அந்த எட்டு லிட்டர நான் யோசிக்காம கொடுப்பேன்.

பார்ட் எதையும் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பண்ண ஒரு வேலைய இங்க விலாவாரியா சொல்லணும், ஏன்னா மொத்த பில்டுல எனக்கு ரொம்ப பலன் கொடுத்தது அது தான். பழைய ப்ரிட்ஜ் அட்டப் பெட்டிய எடுத்து கேஸோட உள்ளளவுக்கு ஒரு பெட்டி பண்ணேன். அப்புறம் கம்பெனி சைட்ல போட்டிருந்த அளவ பாத்து கார்டு, பவர் சப்ளை, கூலர், போர்டு நாலையும் தனித்தனியா அட்டைல வெட்டி டேப் போட்டு ஒட்டினேன். தடிமனையும் சேத்து, வெறும் படமா இல்லாம. அம்மா தையல் ஸ்கேல் கொடுத்து உதவினாங்க. உள்ள வச்சு பாத்ததும் ஸ்பெக் ஷீட் சொல்லாதது எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. கார்டு நீளம் பிரச்சனையே இல்ல, அதோட மேல் விளிம்புல இருந்து பவர் கேபிள் வெளிய வந்து வளையறதுக்கு இன்னொரு மூணு சென்டிமீட்டர் வேணும், அது பக்க பேனல்ல முட்டுமா முட்டாதான்னு தான் கேள்வி. அதே மாதிரி கார்டு தடிமன். கார்டுக்கும் கீழ் தகட்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கற இடத்துல தான் காத்து இழுக்கற பேன் உக்காரணும், மூணு ஸ்லாட் அளவு தடிமனான கார்டு போட்டா அங்க 15 மிமீ ஒல்லி பேன் தான் போகும், ரெண்டு ஸ்லாட் கார்டுன்னா சாதாரண 25 மிமீ பேனே போகும்.

இதனால தான் கார்டு தேர்வே மாறிச்சு. பாக்க கம்பீரமா மூணு பேன் வச்ச மாடல் எல்லாம் வேணாம்னு எம்எஸ்ஐ வென்டஸ் 2எக்ஸ் 4070 எடுத்தேன், 24 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், ரெண்டு பேன், 43 மிமீ தடிமன், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். அந்த ஒரு 8 பின்னும் எனக்கு பெரிய விஷயம், ஏன்னா புது 12 வோல்ட் 16 பின் கனெக்டர்னா வாய்ல இருந்து 35 மிமீ நேரா போன பிறகு தான் கேபிள வளைக்கணும்னு பரவலா சொல்வாங்க, சின்ன கேஸ்ல அந்த 35 மிமீ கிடைக்கறது சிரமம். உங்க கார்டுல அந்த கனெக்டர் தான்னா, பேனல் மூடும்போது கேபிள அமுக்கி மூடற நிலைமை வரவே கூடாது. அமுக்கினா தான் மூடும்னா அந்த கேஸும் அந்த கார்டும் சேராதுன்னு அர்த்தம்.

பேப்பர்ல முடிவு பண்ணிட்டு கம்ப்யூட்டர் பார்ட் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க மினி ஐடிஎக்ஸ்னு கேட்டாலே பாதி கடைல தலைய ஆட்டிடுவாங்க. ஒரு கடைல அண்ணன் உக்கார வச்சு டீ எல்லாம் சொல்லிட்டு, "தம்பி, இந்த காசுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போட்டு ஒரு நல்ல டவர்ல கட்டிக்கோங்க, மிச்ச காசுல இன்னும் பெரிய கார்டே வரும்"னு சொன்னாரு. "இல்லண்ணே, ஊருக்கு தூக்கிட்டு போகணும், டேபிள்லயும் இடம் இல்ல"ன்னேன். "அப்ப சரி, ஆனா போர்டு ஸ்டாக்ல இருக்காது, வரவழைச்சு தான் தரணும், வந்தா ரிட்டர்ன் கிடையாது"ன்னு தெளிவா சொல்லிட்டாரு. அவரு சொன்ன கணக்கு சரி தான். நான் பாத்தப்ப அதே பி650 சிப்செட் இருக்கற, கொஞ்சம் பெரிய அளவு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்ட விட ஐடிஎக்ஸ் போர்டு ஒண்ணரைல இருந்து ரெண்டு மடங்கு விலை. எஸ்எஃப்எக்ஸ்ங்கற சின்ன அளவு பவர் சப்ளையும் அப்படித்தான், நல்லது எடுக்கணும்னா 15 ஆயிரம் பக்கம் போயிடுச்சு. சின்னதா கட்டறதுக்கு மட்டுமே எனக்கு ஒரு 15, 20 ஆயிரம் கூட போச்சு, அந்த காசுக்கு ஒரு எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்ங்கற வேகம்) கூட ஏறாது. எதுக்கு சின்னது வேணும்ங்கறது உங்களுக்கே உறுதியா தெரிஞ்சா மட்டும் இறங்குங்க.

ரிட்டர்ன் கிடையாதுங்கறதால தான் அட்டப் பெட்டி வேலைய அவ்வளவு அழுத்தி சொல்றேன். இன்னொண்ணு, கேஸோ கார்டோ வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வரச் சொல்லி விலை கம்மியா கிடைச்சாலும் வாரன்டி இந்தியால செல்லுமான்னு முதல்ல பாருங்க, சென்னைல சர்வீஸ் சென்டர் இருக்கற பிராண்டா பாத்து எடுத்தா பின்னாடி நிம்மதி.

பவர் சப்ளை கோர்சேர் எஸ்எஃப்750. எஸ்எஃப்எக்ஸ்னா 12.5க்கு 10 சென்டிமீட்டர், 6.35 உயரம், டவர்ல போடற ஏடிஎக்ஸ் சப்ளையோட பாதி கூட இருக்காது. மொத்த சிஸ்டமும் விளையாடும்போது 300 வாட் தான் இழுக்கும், அப்புறம் ஏன் 750னு கேப்பீங்க. பாதி லோடுக்கு கீழ ஓடறதால அதோட பேன் பெரும்பாலும் நிக்குது இல்லன்னா மெதுவா சுத்துது, சின்ன கேஸ்ல சத்தம் போடற ஒவ்வொரு சின்ன பேனும் காதுக்கு பக்கத்துலயே இருக்கும், அதுனால அந்த காசு எனக்கு நியாயமா பட்டுது. எஸ்எஃப்எக்ஸ் எல்னு இன்னொரு அளவு இருக்கு, 3 சென்டிமீட்டர் கூட நீளம். சில கேஸ்ல அது போகும் ஆனா கேபிள் மடிக்க இடம் இருக்காது, எஸ்எஃப்எக்ஸே எடுங்க.

ப்ராசசர் ரைசன் 5 7600, எக்ஸ் போடாதது. 65 வாட் மாடல்னு போட்டிருக்கும், நிஜத்துல 88 வாட் வரைக்கும் இழுக்கும். 7600எக்ஸ்னா அது 142. நான் விளையாடறது 1440பி ரெசல்யூஷன்ல, அங்க பெரும்பாலும் கார்டு தான் திணறும், ப்ராசசர் சும்மா இருக்கும், அந்த 54 வாட்ட கூட எரிச்சு எனக்கு கிடைக்கப் போறது ஒண்ணும் இல்ல. இப்படி ஒவ்வொரு பார்ட்டையும் வாட் கேட்டு எடுத்தேன், பேர கேட்டு எடுக்கல. கார்டு 200, ப்ராசசர் 88, இதர சமாச்சாரம் கொஞ்சம், ஆக மொத்தம் 300 வாட். எங்க ஹால்ல ஏசி இல்லாம இந்த கேஸ் அலட்டிக்காம வெளிய தள்ளக்கூடியது அவ்வளவு தான்னு எனக்கு தோணுது.

கூலருக்கு தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 சின்ன டவர், 148 மிமீ உயரம். டீப்கூல் ஏகே400 எங்க போனாலும் கிடைக்குது, நல்ல கூலர், ஆனா அது 155, கேஸோட லிமிட்டும் 155. காகிதத்துல போகும், ஹீட் பைப் நுனி பேனல தொட்டுக்கிட்டு நிக்கும், பேன் சுத்தினா அந்த தகடு அதிர்ந்து உறுமும். லிமிட்ல இருந்து ஒரு அஞ்சு மிமீ விட்டு தான் எதையும் வாங்கணும். ரேமும் உயரம் கம்மியான மாடலா எடுங்க, 35 மிமீக்கு உள்ள இருந்தா கூலர் பேன் அது மேல உக்காராது. ஐடிஎக்ஸ்ல ரெண்டே ஸ்லாட் தான், அதுனால பின்னாடி ஏத்திக்கலாம்னு ஒரு குச்சி வாங்காதீங்க, 32 ஜிபி வேணும்னா இப்பவே ரெண்டு 16.

கட்டும்போது வரிசை தான் எல்லாம். டவர்ல எது முன்ன எது பின்னன்னு கவலைப்பட வேண்டாம், கை உள்ள போகும். இதுல ஒரு கேபிள மறந்தா பாதிய கழட்டணும். நான் முதல்ல போர்ட அது வந்த டப்பா மேலயே வச்சு ப்ராசசர், ரேம், பின்பக்கம் இருக்கற எம்.2 எஸ்எஸ்டி எல்லாம் போட்டேன். அந்த பின்பக்க எஸ்எஸ்டி கேஸுக்குள்ள போன பிறகு கண்ணுக்கே தெரியாது. கூலரையும் வெளியவே மாட்டி, மானிட்டர் சொருகி டிஸ்ப்ளே வருதான்னு டப்பா மேலயே பாத்தாச்சு. இங்க ஒரு விஷயம், டிடிஆர்5 ரேம் போடற போர்டு முதல் தடவ ஆன் பண்ணும்போது மெமரிய பழக்கிக்கிட்டு இருக்கும், ஸ்க்ரீன் கருப்பா சில நிமிஷம் அப்படியே நிக்கும். செத்துடுச்சுன்னு நினைச்சு ஸ்விட்ச அணைக்காதீங்க, பொறுமையா ஒரு பத்து நிமிஷம் விடுங்க, அதுவே வரும்.

அப்புறம் கேஸோட எல்லா பேனலையும் கழட்டி வெறும் எலும்புக்கூடா ஆக்கிட்டு, சிபியு 8 பின் கேபிள முதல்ல மேல் மூலைக்கு இழுத்து விட்டேன், போர்டு உள்ள போன பிறகு அந்த மூலைக்கு என் விரல் போகாது. அடுத்து போர்டு, அதுக்கப்புறம் பவர் பட்டன் கம்பி எல்லாம், அப்புறம் 24 பின். என்ஆர்200ல பவர் சப்ளை முன்பக்கம் நிக்கும், 24 பின் கேபிளுக்கு அங்க இருந்து போர்டுக்கு ஒரு சாண் தூரம் கூட இல்ல, கேபிளோ முழம் நீளம், அந்த மிச்சத்த எங்க ஒளிக்கறதுங்கறது தான் இந்த பில்டோட முக்கால்வாசி உழைப்பு. நான் அத பவர் சப்ளைக்கும் பக்க தகட்டுக்கும் நடுவுல தட்டையா மடிச்சு வெல்க்ரோ பட்டைல கட்டிட்டேன். ஜிப் டை வேணாம், அடுத்த தடவ திறக்கும்போது பக்கத்துல இருக்கற கேபிள வெட்டிடுவோம். எந்த கேபிளும் பேன் இறக்கைக்கு ரெண்டு சென்டிமீட்டர் பக்கத்துல வராம பாத்துக்கோங்க, ஊருக்கு தூக்கிட்டு போற அதிர்வுல அது நகரும். கார்டு கடைசி.

ஃபேன் கனெக்டர் ஐடிஎக்ஸ் போர்டுல பெரும்பாலும் மூணு தான் இருக்கும். கூலருக்கு ஒண்ணு, மேல ரெண்டு பேனுக்கும் சேத்து ஒண்ணு, கீழ ரெண்டுக்கும் ஒண்ணு, அதுனால ஒய் மாதிரி பிரியற கேபிள் ரெண்டு முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, நூறு ரூபா சமாச்சாரத்துக்காக மறுபடி மவுண்ட் ரோடு போக வேண்டாம்.

இப்ப சூட்டு விஷயத்துக்கு வரேன். கட்டினது 2024 ஆரம்பத்துல, ஜனவரி பிப்ரவரில எல்லாம் சுகமா தான் இருந்துச்சு, எதையும் மாத்தாம விளையாடினேன், கார்டு 66, 67ல நின்னுச்சு. ஏப்ரல் கடைசில அதே கேம் அதே செட்டிங்ஸ், கார்டு 77, அதுக்குள்ள இருக்கற ஹாட்ஸ்பாட், அதாவது சிப்லயே ரொம்ப சூடான இடம், 89, பேன் சத்தத்துல ஹெட்போன் போட்டா தான் வசனம் கேக்குது. கார்டு கெட்டுப் போற சூடு இல்ல அது, 83 பக்கம் போனா அதுவே வேகத்த குறைச்சுக்கும், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி அம்மா தூங்கற வீட்ல அந்த சத்தம் நியாயம் இல்ல.

அண்டர்வோல்ட் பண்ணினேன், அதாவது கார்டுக்கு போற வோல்டேஜ குறைச்சேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எந்த கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும், இலவசம். அதுல கன்ட்ரோலும் எஃபும் சேத்து அழுத்தினா வோல்டேஜுக்கு எத்தன மெகாஹெர்ட்ஸ்னு ஒரு கோடு வரும். 950 மில்லிவோல்ட்ல இருக்கற புள்ளிய 2550 மெகாஹெர்ட்ஸுக்கு ஏத்தி, அதுக்கு வலது பக்கம் இருக்கற எல்லாத்தையும் அதே உயரத்துல தட்டையாக்கிட்டேன். அதாவது கார்டுக்கு இனிமே 950க்கு மேல வோல்டேஜ் கிடையாது. தன் போக்குல விட்டா 1050 மில்லிவோல்ட்டும் தாண்டும். பவர் வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும், அதுனால கொஞ்சம் வோல்டேஜ குறைச்சாலே வாட் நிறைய இறங்கும். 195, 200 இழுத்துக்கிட்டு இருந்தது 160க்கு வந்துச்சு, எஃப்பிஎஸ் நூறுக்கு மூணு போச்சு, விளையாடும்போது அது யாருக்கும் தெரியாது. கார்டு 77ல இருந்து 70, பேன் ஸ்பீடு கணிசமா இறங்கிச்சு. ஒவ்வொரு சிப்பும் வேற மாதிரி, என் நம்பர அப்படியே போடாதீங்க, 25 மெகாஹெர்ட்ஸ் கீழ மேலன்னு நகத்தி, ஒவ்வொரு தடவையும் ரே ட்ரேசிங் (வெளிச்சத்த நிஜம் மாதிரி கணக்கு போடறது) இருக்கற கனமான கேம ஒரு மணி நேரம் ஓட்டி பாத்து தான் நிறுத்தணும். பெஞ்ச்மார்க் பாஸ் ஆகும், ரே ட்ரேசிங் போட்டதும் கேம் விழும், அப்படி ஆனா அது இன்னும் சரியா வரலன்னு அர்த்தம்.

ப்ராசசரோட வோல்டேஜ குறைக்க கர்வ் ஆப்டிமைசர்னு ஒண்ணு பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) இருக்கும், எல்லா கோருக்கும் மைனஸ் 20 வச்சிருக்கேன். இது லோடுல பிரச்சன பண்ணாம சும்மா இருக்கும்போது தான் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகும், அதுனால டெஸ்ட்னா ராத்திரி பூரா சும்மா ஆன்ல விட்டும் பாக்கணும்.

சூட்ட குறைக்கறதுல இதுக்கு மேல எனக்கு ரொம்ப பலன் கொடுத்தது எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு மூடி போட்டது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், கதை கேம் விளையாடும்போது 90ல நிறுத்திட்டேன். கார்டு 120, 130 வாட்டுக்கு வந்துடுது. செலவழிச்சு வாங்கின கார்ட ஏன் கட்டி போடணும்னு சிலருக்கு மனசு ஒப்பாது, எனக்கு அப்படி தோணல, கத்திரி வெயில்ல ரூம்ல 130 வாட் எரியறதுக்கும் 200 வாட் எரியறதுக்கும் உடம்புக்கே வித்தியாசம் தெரியும். எரியற ஒவ்வொரு வாட்டும் கடைசில ரூம் சூடு தான், கூலர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் அது மாறாது. ஏசி ரூம்ல வைக்கறவங்களுக்கு இந்த கவலை பெருசா இல்ல, ஒரு டன் ஏசி 3500 வாட் சூட்ட தள்ளும், அதுக்கு இந்த 300 தூசு.

கீழ் பேன் ரெண்டும் உள்ள இழுக்கற மாதிரி, மேல் பேன் ரெண்டும் வெளிய தள்ளற மாதிரி. கார்டோட பேன் கீழ பாத்து தான் இருக்கும், அதுனால வெளிக்காத்து நேரா அதுக்கு போய் சேரும், இந்த கேஸ்ல கீழ் பேன் இல்லாம விளையாடாதீங்க. கீழ் பேன கழட்டிட்டு ஒரு சாயங்காலம் ஓட்டி பாத்தேன், கார்டு அஞ்சாறு டிகிரி ஏறிச்சு. ஃபேன்கன்ட்ரோல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கீழ் பேன கார்டு சூட்டோட இணைச்சு விட்டுடலாம், பயாஸ்ல விட்டா அது ப்ராசசர் சூட்ட பாத்து தான் சுத்தும், ப்ரவுசர் திறந்தா கூட ஊய்னு ஏறி இறங்கும். அந்த ஏத்த இறக்கம் தான் காத எரிச்சல் படுத்தறது, ஒரே சீரா ஓடற சத்தம் பழகிடும். கேஸ அலமாரிக்குள்ளயோ சுவத்த ஒட்டியோ வைக்காதீங்க, மெத்த மேல வைக்கவே வைக்காதீங்க, கீழ இருக்கற காலு புதைஞ்சா மூச்சு அடைச்சுடும்.

கண்ணாடி பேனல் பத்தி. என்ஆர்200பி கூட கண்ணாடியும் வரும், கார்ட நிமித்தி கண்ணாடிக்கு பக்கத்துல நிக்க வைக்க, கார்டையும் போர்டு ஸ்லாட்டையும் இணைக்கற ரைசர் கேபிளும் வரும். பாக்க அழகு தான். ஆனா அப்படி வச்சா கூலர் உயரம் 76 மிமீக்கு சுருங்கிடும், கார்டு கண்ணாடிய பாத்து மூச்சு விடணும். நான் சல்லடை பேனலோட விட்டுட்டேன். நண்பன் ஒருத்தன் அப்படி நிமித்தி கட்டினான், ஆன் பண்ணா டிஸ்ப்ளேவே இல்ல, கார்டு டெட்னு நினைச்சு வாரன்டிக்கு அனுப்ப கிளம்பிட்டான். ரைசர் மூணாம் தலைமுறை பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கற வழி), போர்டும் கார்டும் நாலாம் தலைமுறைல பேச முயற்சி பண்ணி தோத்துக்கிட்டு இருந்துச்சு. கார்ட கழட்டிட்டு ப்ராசசர் கிராபிக்ஸ்ல பயாஸுக்கு போய் ஸ்லாட்ட மூணுக்கு மாத்தினோம், உடனே வந்துடுச்சு. ரைசர் போடறவங்க இத முதல்லயே பண்ணிடுங்க.

தூசி நம்ம ஊர்ல தனி சப்ஜெக்ட். கீழ் ஃபில்டர மாசம் ஒரு தடவ கழட்டி தண்ணில கழுவி நல்லா காய வச்சு போடறேன், ஃபில்டர் அடைச்சா மூணு நாலு டிகிரி சத்தம் இல்லாம ஏறிடும். ப்ளோயர் வச்சு ஊதும்போது பேன் இறக்கைய விரலால பிடிச்சுக்கோங்க. மழைக்காலத்துல சூட்டுக்கு எறும்பு வரும், சாப்பாடு அந்த டேபிள்ல வேணாம்.

யுபிஎஸ் எடுக்கும்போது விஏ நம்பர பாத்து ஏமாறாதீங்க, 600 விஏன்னா வழக்கமா 360 வாட் தான் தரும், மானிட்டரும் சேந்தா ஒட்டிக்கிட்டு நிக்கும். 1000 விஏ பக்கம் போங்க. கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறற அந்த நொடில பிசி அணைஞ்சுடுதுன்னா யுபிஎஸ் தர்ற அலை சைன் வேவ் இல்லாம சதுரமா இருக்கலாம், இந்த மாதிரி நல்ல பவர் சப்ளை சிலதுக்கு அது ஒத்துக்காது.

ஊருக்கு தூக்கிட்டு போறது: நெல்லை எக்ஸ்பிரஸ்ல லோயர் பர்த் போட்டு தலைமாட்டுல வச்சு தான் போறேன். எல்லாம் சேந்து பத்து கிலோ கிட்ட வரும். கார்ட கழட்டி அதோட டப்பாவுல தனியா எடுத்துக்குவேன், ஒரு ஸ்லாட்டும் ரெண்டு ஸ்க்ரூவும் தான் அத தாங்குது, ரயில் குலுக்கல்ல அது ஆடினா ஸ்லாட் போயிடும், போர்டோட விலை தெரியும் இல்ல. கார்டு இருந்த இடத்துல பபிள் ராப் சுருட்டி வச்சா கூலரும் ஆடாது. பார்சல் சர்வீஸ்ல மட்டும் போடாதீங்க. திருநெல்வேலி போனதும் ஆன் பண்றதுக்கு முன்னாடி ரேமையும் 24 பின்னையும் ஒரு தடவ அழுத்தி விட்டுடுவேன்.

இப்ப புது கார்டு மாத்தலாமான்னு அப்பப்ப யோசனை வருது. நீளத்த பாத்தா இந்த கேஸ்ல 33 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், பவர் சப்ளையும் தாங்கும், ஆனா நான் 250 வாட்டுக்கு மேல இருக்கற கார்டு பக்கம் போக மாட்டேன், அதையும் வாங்கின அன்னைக்கே 200க்கு இறக்கி தான் ஓட்டுவேன். தடிமன் 50 மிமீ தாண்டினா கீழ் பேன ஒல்லியா மாத்தணும், அந்த செலவையும் கார்டு விலைலயே சேத்து தான் கணக்கு போடுவேன்.